பூஸ்ட் குடித்த கார்புரேட்டர்

பழைய காருக்கு டர்போ மாட்டுவது என்று ஒருவர் முடிவெடுத்துவிட்டால், அவரிடம் மைலேஜ், சேமிப்பு, குடும்பம் என்று எதைப் பேசியும் பயனில்லை. பேச மிச்சமிருப்பது ஒன்றுதான்: கார்புரேட்டரா, இன்ஜெக்‌ஷனா? கோயம்புத்தூரில் என் மைத்துனர் ஒரு கான்டெஸாவை நிறுத்திவைத்துக்கொண்டு இதைத்தான் பேசுகிறார். கார் ஓடும் நாளைவிடப் பேச்சு ஓடும் நாள் அதிகம்.

அவருடைய மெக்கானிக் கார்புரேட்டர் கட்சி. “இன்ஜெக்‌ஷன்ல சென்சார் போனா நடுரோட்டுல நிக்கோணுங்க. இதுக்கு ஒரு ஸ்க்ரூடிரைவர், ரெண்டு காது போதுமுங்க” என்பார். சரிதான். ஆனால் அந்த ரெண்டு காதும் அவருடையவை.

காற்று வேகமாகப் பாயும் இடத்தில் அழுத்தம் குறையும். கிண்ணத்துப் பெட்ரோல் தானாக மேலேறும். கார்புரேட்டரின் பிழைப்பே இதுதான். டர்போ அதன் வாய்க்குள் காற்றைத் திணித்தால் பெட்ரோல் வர மறுக்கும். ஆகவே கிண்ணத்துக்கும் அதே அழுத்தம் தரவேண்டும், பெட்ரோல் பம்பு அதற்கும் மேலே தள்ளவேண்டும். எல்லாம் செய்து முடித்தால், உள்ளேயிருக்கும் பித்தளை ஃப்ளோட் நசுங்கும். அப்படி நசுங்கிய ஒன்றை மைத்துனர் ஷோகேஸில், மகள் வாங்கிய கப்புகளுக்கு நடுவே வைத்திருக்கிறார். இரு கன்னமும் ஒட்டிப்போய், பற்றவைத்த ஓரத்தில் மயிரிழை விரிசலோடு இருக்கிறது.

கார்புரேட்டரை டர்போவுக்கு முன்னால் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. 1962-இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் அப்படித்தான் வந்தது. 215 கன அங்குல எஞ்சினில் 215 குதிரைத்திறன். நாக்கிங் வராமலிருக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனியாக ஊற்றவேண்டும். பெயர் ‘டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்’. இவ்வளவு கம்பீரமான பெயர் வைத்தும் பலர் ஊற்ற மறந்தார்கள். கடைசியில் பல கார்களில் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரை மாட்டினார்கள்.

உடனே கட்சிக்காரர்கள் 1980-இன் லோட்டஸ் எஸ்பிரிட் டர்போவை இழுப்பார்கள். இரண்டு டெலோர்ட்டோ கார்புரேட்டர், 210 குதிரைத்திறன். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே லோட்டஸ் எஞ்சினியர்கள் இருந்தார்கள். இங்கே மைத்துனர் இருக்கிறார்.

என் ஓட்டு இன்ஜெக்‌ஷனுக்குத்தான். பூஸ்ட் ஏறினால் சென்சார் சொல்லும், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும். ஃப்ளோட் என்றொரு ஜீவனே கிடையாது. அதற்கு முன்னோட்டமாக, சைலன்சர் குழாயில் ஒரு ஆக்ஸிஜன் சென்சார் மாட்ட, லேப்டாப்போடு ஒரு பையன் வந்தான். மெக்கானிக் அவனுக்கு டீகூடச் சொல்லவில்லை.

“அண்ணா, மூவாயிரம் ஆர்பிஎம்ல பெட்ரோல் பத்தாம லீன் ஆகுதுங்ணா.”

“அதைத்தானுங்க காலைல சொன்னேன்” என்றார் இவர், என்னைப் பார்த்து.

பில் மட்டும் இரண்டு வந்தது.