பண்ணிடலாமா சார்?

புதுக் காருக்கு முதல் மூன்று சர்வீஸ் இலவசம் என்பது இந்தியாவில் பல கம்பெனிகளின் வழக்கம். இலவசம் என்பது லேபருக்கு மட்டும். ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் காசு உண்டு. ஃப்ரீ சர்வீஸ்தானே என்று வெறுங்கையோடு போனவர்கள் திரும்பி வரும்போது கார்டு தேய்த்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

பணம் கட்டுமிடம் கேஷ் கவுன்டர் என்றாலும், பில் பிறப்பது காலையில் ஜாப் கார்டு போடும் மேசையில். சர்வீஸ் அட்வைசர் காரை ஒரு பிரதட்சிணம் வருவார், உதட்டைப் பிதுக்குவார். வீட்டுப் பெரியவருக்கு ஸ்கேன் எழுதப்போகும் டாக்டரின் முகம் அப்போது அவருக்கு வந்துவிடும். "இன்ஜின் ஃப்ளஷ் பண்ணிடலாமா சார்? டெஃப்லான் கோட்டிங்? ஏசிக்கு டிஸின்ஃபெக்டன்ட்?" வேண்டாம் என்றால் கஞ்சன் என்று நினைத்துவிடுவாரோ என்ற கூச்சத்தில்தான் பாதித் தொகை ஏறுகிறது. மீதிக்குப் பயம் காரணம்.

காலாகாலத்தில் ஆயில் மாற்றிய இன்ஜினுக்கு ஃப்ளஷ் அவசியமில்லை. டெஃப்லான் பளபளப்பு தருவது உண்மை. கார் ஓட அது தேவை என்று எந்த மேனுவலும் சொல்வதில்லை. கடலோர ஊரில் அண்டர்பாடி கோட்டிங்குக்கு ஓரளவு நியாயம் உண்டு, வருடாவருடம் அடிப்பதற்கு இல்லை. டயரில் நைட்ரஜன் நிரப்பும் கதை இன்னும் ருசியானது: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். காசு மீதி 22-ஐ விரட்டுவதற்கு.

எத்தனை கிலோமீட்டரில் எதை மாற்ற வேண்டும் என்ற அட்டவணை மேனுவலில் இருக்கிறது. அதில் இல்லாத வேலைக்குக் காரணம் கேட்கலாம். பிரேக் பேட் தேய்ந்துவிட்டது என்றால் சக்கரத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லலாம். எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்கி, போனில் கேட்காமல் வேறெதுவும் செய்யக்கூடாது என்று ஜாப் கார்டிலேயே எழுதிவிடுவது நல்லது. மாற்றிய பழைய பாகங்களை டிக்கியில் போடச் சொன்னால், மாற்றாத பாகம் பில்லில் ஏறாது. பில்லில் உள்ள ஆயில் அளவையும் மேனுவலோடு ஒப்பிட வேண்டும். இன்ஜின் கொள்ளும் அளவுக்கு மேல் எந்தக் காரும் குடிக்காது.

"வெளியே காட்டினால் வாரண்டி போயிடும் சார்" என்பது கடைசி அஸ்திரம். வெளியே போகவிடாமல் தடுப்பது கம்பெனிகளுக்குப் புதிதல்ல. உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் தாராளமாகக் கிடைக்கவிடாமல் கட்டிவைத்ததற்காக 2014-இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஆனாலும் வாரண்டி முடியும்வரை அட்டவணைப்படியான சர்வீஸைக் கம்பெனியிலேயே செய்து ரசீதைப் பத்திரப்படுத்துவதுதான் புத்திசாலித்தனம். அதன்பின் தெருமுனை மெக்கானிக் போதும்.

ஏசி ஃபில்டருக்கு மெக்கானிக்கும் தேவையில்லை. பல கார்களில் அது குளோவ் பாக்ஸுக்குப் பின்னால்தான் இருக்கிறது, கையாலேயே கழற்றலாம். எப்படிக் கழற்றுவது என்று சொல்லும் மேனுவலும் அதே குளோவ் பாக்ஸுக்குள், வாங்கிய நாளின் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் கிடக்கிறது.