எலிக்குத் தெரிஞ்சது பேராண்டிக்குத் தெரியலை

வாடா பேராண்டி. மணி பத்தரைக்கு எழுந்து வந்து, "ராத்திரி தூக்கமே வரலை தாத்தா"ங்கிறே. கட்டுமாவடி மார்க்கெட்டுல ஏலம் போன நண்டும் இறாலும் ஐஸ் பெட்டிக்குள்ள ஏறி இந்நேரம் தஞ்சாவூரையே தாண்டியிருக்கும். நீ இப்பத்தான் பல் விளக்கப் போறே.

ராத்திரியில நடமாடுறது எலிக்கு அழகுடா. அதோட பொறப்பே அப்படி. பகல்ல பெரும்பாலும் படுத்துக்கும், இருட்டினா கிளம்பும். நீ ராத்திரியும் தூங்குறதில்லை, பகல்லயும் உருப்படியா முழிக்கிறதில்லை. உன்னை எந்தக் கணக்குல சேர்க்கிறது?

நேத்து நீயேதான் ஃபோனைப் பார்த்து வாசிச்சுக் காட்டினே. முழிச்சிருக்க முழிச்சிருக்க மூளையில அடினோசின்னு ஒண்ணு சேருமாம். அது தனக்குன்னு உள்ள இடத்துல போய் உட்கார்ந்தா கண்ணு சொருகுமாம். டீயில இருக்கிற காஃபீன் என்ன பண்ணுது? ஜன்னல் வழியா துண்டைப் போட்டு அந்த சீட்டைப் பிடிச்சுக்குது. கூட்டம் குறையலைடா, படியில தொங்கிக்கிட்டு நிக்குது. துண்டை எடுத்த நிமிஷம் மொத்தமா உள்ளே ஏறும். 2005-ல ஜப்பான்காரங்க, ஏ2ஏங்கிற அந்த சீட்டே இல்லாத எலிகளுக்குக் காஃபீன் கொடுத்துப் பார்த்திருக்காங்க. முழிப்புத் தட்டலை. சீட்டே இல்லாதப்ப துண்டை எங்கே போடுறது?

குடிச்ச காஃபீன்ல பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறக்குறைய அஞ்சு மணி நேரம் ஆகுமாம். நீ ராத்திரி ஒம்பது மணிக்கு டீக்கடையில நின்னு "ஸ்ட்ராங்கா ஒண்ணு"ங்கிறே. அப்புறம் பாயில புரண்டுக்கிட்டுத் தலையணையைக் குறை சொல்றே. வலை இழுக்கப் போறவன் டீ குடிச்சா அதுல ஒரு நியாயம் இருக்கு. நீ இழுக்கிறது ஃபோன் திரையைத்தானே?

தூக்கம் வரும்னு மெலட்டோனின் மாத்திரை வேற வரவழைச்சிருக்கே. கொரியர் தம்பி என்கிட்டதான் கையெழுத்து வாங்கிட்டுப் போச்சு. ஆராய்ச்சிக்கூடத்துல அதிகமா வளர்க்கிற கறுப்பு எலிக்கு அந்தச் சரக்கு கிட்டத்தட்ட சுரக்கிறதே இல்லையாம். அது பாட்டுக்குத் தூங்குது.

ஒரே ஒரு எலிக் கதை மட்டும் என்னைச் சிரிக்க விடலை. அமெரிக்காவுல, டல்லாஸ்ல, யானகிசாவான்னு ஒரு ஜப்பான்காரர். ஒரெக்சின்னு ஒரு சரக்கை 1998-ல கண்டுபிடிச்சாங்க. பசியைக் கிளப்புறதுன்னு நினைச்சு பசின்னே அர்த்தம் வர்ற கிரேக்கச் சொல்லுல பேரு வச்சாங்க. அது இல்லாத எலியை வளர்த்து, ராத்திரியில கேமரா வச்சுப் பார்த்தா, ஓடிக்கிட்டிருந்த எலி திடுதிப்புனு விழுது. கொஞ்ச நேரத்துல எழுந்து மறுபடி ஓடுது. முழிப்பைத் தாங்கிப் பிடிக்கிறதே அந்தச் சரக்குதான்னு அப்பத்தான் புரிஞ்சுச்சு. மனுஷன்லயும் அது அத்துப்போனவங்க உண்டு, நார்கோலெப்ஸின்னு பேரு. அப்படி யாராவது நின்ன இடத்துல சரிஞ்சா சோம்பேறின்னு ஏசாதே, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. உனக்கு அந்த வியாதி இல்லை. மீன் குழம்பு கொதிச்ச வாசனைக்குத்தானே இப்ப முழிச்சே? உன் ஒரெக்சின் நல்லாத்தான் வேலை பார்க்குது.

அப்புறம், மத்தியானம் தாத்தா திண்ணையில குறட்டை விடுறாருன்னு உங்கம்மாகிட்ட கோள் மூட்டினியாமே? சென்னையில 452 பேரை வச்சு ஒரு ஆய்வு பண்ணி 2021-ல வெளியிட்டாங்க. ராத்திரி எட்டு மணி நேரம் படுத்தும் அந்த ஜனங்க தூங்கினது அஞ்சரை மணி நேரந்தான். ராத்திரித் தூக்கத்தை 27 நிமிஷம் கூட்டிப் பார்த்தாங்க, வேலையில ஒரு முன்னேற்றமும் இல்லை. மத்தியானம் அரை மணி நேரம் தூங்க விட்டாங்க. வேலையில சுறுசுறுப்பு, மனசுக்கும் தெம்பு. இதை உங்கம்மாகிட்ட சத்தமா வாசிச்சுக் காட்டு. தூங்குற நேரத்துலயும் வேலை பார்த்தவன்தான் கூடுதலா சம்பாதிச்சான்னு அதுலயே ஒரு வரி வரும். அந்த வரியை மட்டும் விட்டுடு.