வாய்ப்பு நண்பர்

ஹிஞ்சவடியில் வேலை, வாகடில் வாடகை வீடு, சனிக்கிழமை டி-மார்ட்டில் மாதச் சாமான் என்று புனேயில் காலம் தள்ளும் தமிழர் யாரும் வாய்ப்பு நண்பரிடம் சிக்காமல் தப்பியிருக்க முடியாது. பருப்பு அடுக்கின் ஓரத்தில் நின்றுகொண்டு, "சார் தமிழா? எந்த ஊர்?" என்று ஆரம்பிக்கிறாரே, அவர்தான். நாள் முழுக்க அரைகுறை இந்தியிலும் அதைவிட அரைகுறை மராத்தியிலும் பிழைப்பை ஓட்டியவருக்கு அந்த ஒரு கேள்வியிலேயே பாதி மனது இளகிவிடும். ஊர் கும்பகோணம் என்றால் அவருடைய சித்தப்பாவும் கும்பகோணம்தான். தூத்துக்குடி என்றால் சித்தப்பாவுக்கு அங்கே மாற்றலாகிவிடும். பழைய கல்லூரித் தோழராக இருந்தாலோ சித்தப்பாகூட வேண்டியதில்லை, ஏழெட்டு வருடம் மூச்சுவிடாதவர் திடீரென்று, "மச்சான், பாப்பா நல்லாருக்காளா?" என்று செய்தி அனுப்புவார். மே மாத வெயிலிலும் பிளேசர் போட்டிருப்பார். சம்பளம் வாங்குபவர்கள் அவர் அகராதியில் "ஜாப்ல மாட்டிக்கிட்டவங்க". மெண்டார், அப்லைன், பாசிவ் இன்கம் என்று எல்லாம் சொல்வார். என்ன விற்கிறார் என்பதை மட்டும் சொல்லமாட்டார். "அதெல்லாம் போன்ல சொல்ற விஷயமில்ல மச்சான், நேர்ல உக்காந்து பேசணும்." நேரில் உட்கார்ந்தால், ஞாயிற்றுக்கிழமை ஒரு மீட்டிங் இருக்கிறது, அங்கே மெண்டார் சொல்வாராம்.

கடைசியில் வெளிவருவது ஒரு பற்பசை. இவர் அதைத்தான் விற்கிறார் என்று நம்புவதில்தான் நம் பிழை தொடங்குகிறது. பற்பசை ஒரு சாக்கு. கைமாறுவது நம்முடைய தாட்சண்யம். அதே டியூபை அதே விலைக்கு முன்பின் தெரியாதவர் நீட்டினால் நின்றுகூடக் கேட்கமாட்டோம். இது தெரிந்துதான், இந்தத் தொழிலில் சேர்ந்தவரைப் பொருளைப் பற்றிப் படிக்கச் சொல்வதற்கு முன் தெரிந்தவர்களின் பெயரை லிஸ்ட் போடச் சொல்கிறார்கள்: சொந்தபந்தம், பள்ளித் தோழர்கள், பழைய மேனேஜர், முடிவெட்டுபவர் வரை. 2021 டிசம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த நேரடி விற்பனை விதிகள் சொல்வதைக் கேளுங்கள். விற்க வருபவர் பேச்சை எடுத்ததுமே, யாரும் கேட்காமலே, தான் யார், எந்த நிறுவனம், என்ன பொருள், எதற்காக வந்திருக்கிறார் என்பதையெல்லாம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டுமாம். அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் வீட்டுப் படி ஏறக் கூடாதாம். நம் நண்பர் ஒரே ஒரு நாள் இதைக் கடைப்பிடித்தால் போதும், அவருடைய கலை முழுவதும் அஸ்தமித்துவிடும்.

ஆகவே மறுக்கும்போது காரணம் சொல்லக் கூடாது என்பது என் கட்சி. நேரமில்லை என்றால், "நேரமில்லாதவங்களுக்காகத்தானே மச்சான் இது" என்பார். பணமில்லை என்றால் அதைவிடப் பொருத்தமான ஆளே கிடையாது. வீட்டில் கேட்க வேண்டும் என்றால், "சிஸ்டரையும் கூட்டிட்டு வா" என்பார். எல்லாக் காரணத்துக்கும் மீட்டிங்கிலேயே பதிலை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறார்கள். நாசூக்காக "பார்க்கலாம்" என்று சொல்லி வைப்பதோ எல்லாவற்றிலும் மோசம். அவருடைய நோட்டில் நம் பெயருக்கு நேரே ஒரு நட்சத்திரம் விழுந்துவிடும். வாதாடி ஜெயிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். விளம்பரம் பார்த்தால் பணம் தருகிறோம் என்ற நிறுவனம் ஒன்றின் மேல் கோவை போலீஸ் வழக்குப் போட்டது. 2024 ஜனவரியில் கோவை நீலாம்பூரில் ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்கவா? நிறுவனத்துக்கு ஆதரவு தெரிவிக்க! இந்த நம்பிக்கைக்கு முன்னால் நம் தர்க்கம் எம்மாத்திரம்? காரணம் சொல்லாமல் மறுப்பதில் புனேக்காரர்கள் கைதேர்ந்தவர்கள். சதாசிவ பேட், நாராயண பேட் வீட்டு வாசல்களில் தொங்கும் புணேரி பாட்யா என்னும் பலகைகள் மகாராஷ்டிரம் முழுக்கப் பிரசித்தம். மதியம் ஒன்றிலிருந்து நான்குவரை மணி அடிக்காதீர்கள் என்று இருக்கும். ஏன், எதற்கு என்று இருக்காது. மன்னிப்புக் கேட்கும் பலகையும் கிடையாது. பல வருடம் இந்த ஊரில் குடியிருந்தும் நாம் இவர்களிடம் மிசல் சாப்பிட மட்டும்தான் கற்றுக்கொண்டிருக்கிறோம்.

சேர்ந்தவர்களில் சிலர் சம்பாதிக்கத்தானே செய்கிறார்கள் என்று கேட்கலாம். செய்கிறார்கள். சிலரால் முடிவதை எல்லோரும் செய்ய முடியுமா என்பதுதான் கணக்கு. நண்பர் டிஷ்யூ பேப்பரில் வட்டம் வட்டமாகப் போட்டுக் காட்டும் பிளானில் ஒருவர் ஆறு பேரைச் சேர்க்க வேண்டும், அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு பேரை. ஒன்பதாவது அடுக்குக்கு மட்டும் 1,00,77,696 பேர் தேவை. 2011 கணக்கெடுப்பின்படி புனே மாவட்டத்தின் மொத்த ஜனத்தொகையே 94 லட்சத்துச் சொச்சம். ஜுன்னரிலிருந்து பாராமதி வரை, எரவாடா ஜெயில் கைதிகளும் தொட்டில் குழந்தைகளும் சேர்த்துத்தான். பதின்மூன்றாவது அடுக்கில் உலகமே தீர்ந்துவிடும். அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம், இப்படிப்பட்ட 70 நிறுவனங்கள் தாங்களே வெளியிட்ட வருமான அறிக்கைகளை ஆராய்ந்து 2024இல் ஓர் அறிக்கை தந்தது. மிகப் பெரும்பாலோருக்கு வருடத்துக்குக் கிடைத்தது ஆயிரம் டாலர் அல்லது அதற்கும் கீழே. பெட்ரோல், மீட்டிங் டிக்கெட், பிளேசர் தையற்கூலி ஆகியவற்றைக் கழித்த பிறகு என்ன மிஞ்சும் என்பதை நண்பரிடம் கேட்க வேண்டாம், பாவம்.

எல்லா நிறுவனமும் மோசடியா என்றால், இல்லை. நேரடி விற்பனை சட்டப்படி நடக்கலாம், ஆள் சேர்ப்பதற்கே பணம் தரும் பிரமிடுக்குத்தான் தடை. கோடு எங்கே என்பதில் பெரிய நிறுவனங்களுக்கே வழக்கு நடக்கிறது. ஆம்வே இந்தியாவின் 757.77 கோடி ரூபாய்ச் சொத்துகளை 2022 ஏப்ரலில் அமலாக்கத்துறை முடக்கியது; திண்டுக்கல் மாவட்டத்து ஆலையும் அதில் அடக்கம். பிரமிடு மோசடி என்றது துறை. இது 2011லிருந்து நடக்கும் விசாரணை, ஒத்துழைத்து வருகிறோம் என்றது நிறுவனம். அதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். நம் கேள்வி அதைவிடச் சின்னது: நண்பருக்காக ஒரே ஒரு டியூப் வாங்கினால் என்ன குறைந்துவிடும்? நமக்கு ஒன்றும் குறையாது, அவருக்குத்தான். அந்த ஒரு டியூபில் அவருக்கு வரும் கமிஷன் சில்லறை. வரும் நம்பிக்கையோ ஏராளம். அதை வைத்துக்கொண்டு, மாதாந்தரப் புள்ளிகள் குறையாமலிருக்க, அடுத்த மாதம் சொந்தக் காசில் பத்து டியூப் வாங்கி லாஃப்டில் அடுக்குவார். உதவியே ஆக வேண்டுமென்றால் கைமாற்றாகக் கொடுங்கள்; திரும்பி வராது என்பதாவது இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கும்.

நட்பு முறிந்துவிடுமே என்ற பயம் கடைசியில் வரும். சில மாதம் முகம் திருப்பிக்கொள்வார், உண்மைதான். நெகட்டிவ் ஆட்களை விட்டு விலகு என்பது அவரைச் சேர்த்துவிட்ட அப்லைனின் போதனை. ஆனால் தாட்சண்யத்துக்கு வாங்கியவர்களின் நட்பு என்ன ஆகிறது என்று பாருங்கள். அவர் தலையைக் கண்டதும் லிஃப்டை விட்டுவிட்டு ஏழு மாடி படியேறுகிறார்கள். மறுத்தவருக்கு அந்தக் கஷ்டம் இல்லை, அதே லிஃப்டில் நின்று ஐபிஎல் பேசலாம். பிளேசர் பெட்டிக்குப் போனபின் ஃபெர்குசன் கல்லூரி சாலை வைஷாலியில் தோசை சாப்பிட்டுவிட்டு, பில்லை யார் கொடுப்பது என்று பழையபடி இருவரும் இழுபறி செய்யலாம். பிளான் காட்டிய நாட்களில் அவர்தான் பாய்ந்து பாய்ந்து பில் கொடுத்தார். சந்தேகம் அப்போதே வந்திருக்க வேண்டும்.