பரிசில் நிர்ணயம்: கேரி தீவிலிருந்து ஒரு பூர்வாங்க ஆராய்ச்சி

எழுத்துக்கு விலை உண்டா என்பது வேதாந்த விஷயம். உண்டெனில் எவ்வளவு என்பது கணித விஷயம். அது எப்போது கைக்கு வரும் என்பது ஜோதிட விஷயம். ஆகவே, மாதச் சம்பளம் இன்றிச் சொல்லுக்கு இத்தனை, பக்கத்துக்கு இத்தனை என்று எழுதியும் மொழிபெயர்த்தும் ஜீவிக்கின்ற சுயேச்சை எழுத்தாளன் தன் கூலியை ஒரு வெள்ளியேனும் உயர்த்திக்கொள்ளும் மார்க்கங்களை ஆராயப் புகுவோன் எவனும், இம்மூன்று சாஸ்திரங்களிலும் தேர்ந்தவனாயிருத்தல் அவசியம். எனக்கு ஒன்றிலும் தேர்ச்சி இல்லை. ஆனால், தேர்ச்சியின்மை ஆராய்ச்சிக்குத் தடையாக நின்றதற்கு நம்மிடையே சான்று கிடையாது.

பொருளுக்குச் சம்பந்தமில்லாத பூகோளத்திலிருந்து தொடங்குவது ஆராய்ச்சி மரபு. கேரி தீவு, சிலாங்கூர் மாநிலத்துக் கோல லங்காட் மாவட்டத்தில், லங்காட் ஆற்றினால் பெருநிலத்தினின்று பிரிக்கப்பட்டுப் பாலத்தினால் திரும்ப ஒட்டவைக்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே தோட்டம் போட்ட எட்வர்ட் வாலன்டைன் கேரி என்னும் துரையின் பெயரால் வழங்குவது. ரப்பரில் ஆரம்பித்துச் செம்பனையில் வந்து நிற்பது. இத்தீவில் செம்பனைக் குலை வெட்டுபவர் வெட்டிய அளவுக்குக் கூலி பெறுகிறார். கீழே சிந்திய உதிரிப் பழத்துக்குக்கூடக் கணக்கு உண்டு. சுங்கை பும்புன் கிராமத்து மஹ் மெரி மக்கள் மரத்தில் முகமூடி செதுக்குகிறார்கள். வாங்க வருகிறவர் எவரும் “செதுக்கிக் கொடுங்க, உங்க பேர் போடுறோம்” என்று அவர்களிடம் சொல்வதில்லை. அந்த வாக்கியம் எழுத்தாளனுக்கென்றே பிரத்தியேகமாகப் பாதுகாக்கப்பட்டு வருகிறது. 2025 பிப்ரவரியில் இந்நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தபோதும், சம்பளமே இல்லாதவனுக்குக் குறைந்தபட்சம் ஏது என்னும் தர்க்கத்தினால் அவன் அதற்கு வெளியே நின்றான்.

இனிப் பரிசிலின் வகைகள். அவை ஆறு. பெயர்: மேலே கூறப்பட்டது. மாலை: வாடும். பிரதி: தான் எழுதியது வந்த இதழைத் தானே காசு கொடுத்து வாங்குவதினின்று எழுத்தாளனைக் காப்பது. நினைவுச் சின்னம்: தூசி தங்குவதற்குரிய இடம். பொன்னாடை: கிள்ளானில் ஒருவர் தோளில் விழுந்து, பிரிக்பீல்ட்ஸில் இன்னொருவர் தோளுக்கு மாறி, ஆறு மாதத்தில் முதல் தோளுக்கே திரும்பி வருகின்ற தன்மையால், பொருளாதார நூலார் கூறும் நாணயத்தின் லட்சணங்கள் யாவும் பொருந்தியதாயினும், அதைக் கொண்டு அரிசி வாங்க முடியாது என்னும் ஒரே குறைபாடுடையது. ரொக்கம்: உதாரணம் கிடைத்த பின் எழுதப்படும். (இவ்வகைப்பாட்டின் விரிவுக்குக் காண்க: இக்கட்டுரையாசிரியரின் ‘பரிசிலியல்’, முதற் பாகம், இன்னும் எழுதப்படாதது.)

முன்னோர் இதுபற்றி ஆராய்ந்துள்ளனரா என்பது அடுத்த கேள்வி. முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966இல், தனிநாயகம் அடிகளாரின் பெருமுயற்சியால், நம் கோலாலம்பூரிலேயே நிகழ்ந்தது. அதற்குப் பிறகு நிகழ்ந்த மாநாடுகளின் கட்டுரைத் தொகுதிகள் யாவற்றையும் முழுமையாக வாசித்த ஒருவர் அகப்படுவாரானால், அவரிடம் கேட்டு இக்கேள்விக்கு விடை சொல்லலாம் என்று காத்திருக்கிறேன்.

காத்திருக்கும் அவகாசத்தில், சேர அரசரைப் புலவர் ஆளுக்குப் பத்துப் பாட்டாகப் பாடிய பதிற்றுப்பத்தைப் பார்ப்போம். நம் மொழியில் கூலி விகிதம் துலக்கமாகப் பதிவான ஆதாரம் அதன் பதிகங்களே. பத்துப் பாட்டுக்குக் கபிலர் பெற்றது நூறாயிரம் காணம் என்னும் பொற்காசும், குன்றேறிக் கண்ட நாடும். அரிசில்கிழார் பெற்றது ஒன்பது நூறாயிரம் காணமும் அரியணையும். பெருங்குன்றூர்கிழாருக்கு ரொக்கத்தில் முப்பத்தீராயிரம். அதாவது, பாட்டொன்றுக்குக் கபிலருக்கு 10,000, அரிசில்கிழாருக்கு 90,000, பெருங்குன்றூர்கிழாருக்கு 3,200. பட்டினப்பாலையின் 301 அடிகளுக்குப் பதினாறு நூறாயிரம் பொன் என்று கலிங்கத்துப்பரணி கூறுவதைக் கொண்டால், அடியொன்றுக்கு ஐயாயிரத்து முந்நூற்றுச் சொச்சம். கபிலரினும் அரிசில்கிழார் ஒன்பது மடங்கு உயர்ந்த கவியா என்று கேட்கும் அப்பாவிகளுக்கு, கூலிக்கும் தரத்துக்கும் உள்ள உறவு அன்றும் இன்று போலவே இருந்தது என்பதே சமாதானம். அரிசில்கிழார் அரியணையை அரசனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு அமைச்சர் பதவியை ஏற்றார். சுயேச்சைத் தொழிலை விட்டு ஊழியர் சேமநிதியோடு கூடிய நிரந்தர உத்தியோகத்துக்குப் போன முதல் தமிழ் எழுத்தாளர் அவரே என்பது என் துணிபு.

இப்பதிகங்கள் பிற்காலத்தவை என்று ஆராய்ச்சியாளர் ஆட்சேபிப்பர். எழுத்தாளனுக்குப் பணம் வந்த சேதி எக்காலத்தும் பிற்காலத்ததாகவே இருக்கும். மேலும், பதிற்றுப்பத்தில் முதற் பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை என்று வருந்துவோர், செல்லரித்தது என்றும் வெள்ளம் கொண்டது என்றும் காரணம் கூறுவர். பேசிய தொகை வாராமையால் அவ்விரு புலவரும் கையெழுத்துப் பிரதியை ஒப்படைக்கவில்லை என்பதே மெய். (காண்க: மேற்படி ‘பரிசிலியல்’, இரண்டாம் பதிப்பு, முதற் பதிப்பு வெளிவராமையின் திருத்தங்கள் மிகுதி. அதனை வாசிக்காமலே மதிப்புரை எழுதவிருக்கும் பேரறிஞரின் முன்னுரையும் ஒப்பு நோக்குக.)

இனி நம் ஆராய்ச்சியின் உயிர்நிலையாகிய யானைக்கு வருவோம். பெருஞ்சித்திரனார் என்னும் புலவர் இளவெளிமான் என்னும் சிற்றரசனிடம் பரிசிலுக்குச் சென்றார். அவன் சொற்பமாகக் கொடுத்தான். அவர் அதனைத் தொடாமல் குமணனிடம் போய், அவனிடம் யானை பெற்று, அந்த யானையை ஓட்டிவந்து இளவெளிமானுடைய குலச்சின்னமாகிய காவல் மரத்திலே கட்டிவிட்டுப் போனார் என்பது புறநானூற்றின் 162ஆம் பாட்டால் அறியப்படும் செய்தி. இதைப் புலவரின் பெருமிதம் என்று உரைகாரர் எழுதிவிட்டு மேலே போய்விடுவர். பெருமிதம் அன்று, முறைமை. குறைந்த கூலி கொடுப்பவனிடம் கெஞ்சி அவனை உயர்த்த முடியாது. கூடுதல் கொடுக்கும் வேறொருவனை முதலில் தேடிக்கொண்டு, அதற்கான அத்தாட்சியைக் கொண்டுவந்து பழையவன் வாசலில், அவன் கண்ணில் படும்படி, கட்ட வேண்டும். அத்தாட்சி பெரிதாயிருத்தல் வேண்டும். சாணி போடுவதாயிருந்தால் இன்னும் நலம்.

இம்முறையைக் கிள்ளான் பள்ளத்தாக்கில் பிரயோகிப்பதில் எழும் இடர்கள் பல. முதலாவது, யானை. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அது முழுப் பாதுகாப்புப் பெற்ற பிராணி. எழுத்தாளன் அவ்வாறு அல்லன். ஆகவே ஒருவரையொருவர் ஓட்டிச்செல்வதாயின் யானைதான் எழுத்தாளனை ஓட்டிச்செல்லச் சட்டம் இடந்தரும் போலும். இரண்டாவது, வழி. கேரி தீவிலிருந்து பாலத்தைக் கடந்து, தெலுக் பங்லிமா காராங் வழியாகக் கிள்ளானை அடைவதற்குள், இருமருங்கும் செம்பனை. செம்பனைக் குருத்தை யானை விரும்பித் தின்னும் என்பதைத் தோட்ட நிர்வாகங்கள் நன்கு அறியும். ஆகவே நஷ்டஈட்டுத் தொகை கட்டுரைக் கூலியை விஞ்சும். மூன்றாவது, மரம். பிரிக்பீல்ட்ஸில் மூன்றாம் மாடியில் அலுவலகம் வைத்திருப்பவருக்குக் காவல் மரம் எது? வரவேற்பு மேசையருகே தொட்டியில் நிற்கும் பிளாஸ்டிக் செடி காவல் மரமாகுமா என்பதில் இரண்டு கட்சிகள் உள. ஆகும் என்போர், அது தண்ணீர் ஊற்றாமலே தழைப்பதைப் போலக் கூலி கொடுக்காமலே பத்திரிகையும் தழைப்பதால், அக்குலத்தின் சின்னம் அதுவே என்பர். ஆகாது என்போர், யானை மின்தூக்கியில் ஏறாது என்பர். (இவ்விவாதத்தின் முடிவுக்குக் காண்க: ‘பரிசிலியல்’ நூலுக்கு நானே எழுதவிருக்கும் பேருரை; அவ்வுரைக்கு என் பகைவர் எழுதவிருக்கும் மறுப்பு; அம்மறுப்பின் நாற்பத்தோராம் அடிக்குறிப்பு; அவ்வடிக்குறிப்பை அச்சுப்பிழை என்று நிறுவவிருக்கும் என் மறுப்பின் மறுப்பு, பிற்சேர்க்கை, சுவடி வடிவில், கரையானிடம்.)

இதே பெருஞ்சித்திரனார், அதியமான் தம்மைக் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலை ஏற்கவில்லை. இன்று முகம் காணாமல் வங்கிக் கணக்கில் வந்து விழும் தொகையை மறுப்பார் இல்லை. இவ்வளவில் நாகரிகம் வளர்ந்திருக்கிறது.

தன் திறமையைத் தானே சொல்லி விலை கேட்பது நாகரிகமா என்று கூசுவோர் நன்னூலைப் புரட்டுக. தன்னைப் புகழ்தல் தகாது என்று பொதுவாக விலக்கிய பவணந்தியார், அரசவைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றல் அறியாதவர் இடையிலும், அவையில் வாதம் வெல்லும்போதும், எதிரி பழிக்கும்போதும் அது தகும் என்று நான்கு விலக்கு அளித்தார். விலைப்பட்டியல் அனுப்புவது முதல் விலக்கில் அடங்கும், தொகையைப் பார்த்துவிட்டு “இவ்ளோ விலையா?” என்பவரிடம் பேசுவது மற்ற மூன்றிலும் அடங்கும். அதே பவணந்தியார் நூலொன்றின் பாயிரத்தில் சொல்லவேண்டியவற்றை ஆக்கியோன் பெயர், வழி, எல்லை என்று தொடங்கி எட்டாக எண்ணி, காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் கூட்டிப் பதினொன்றாக்குவோரும் உளர் என்றார். சன்மானம் அவற்றுள் இல்லை. நம் துயரத்தின் மூலம் அதுவே.

பரிசில் தாமதித்தபோது அதியமானின் வாயில்காவலனிடம் ஔவையார் சினந்து, தமக்குச் சோறு எத்திசையிலும் உண்டு என்று சொல்லிப் புறப்பட்டார். இக்காலத்து வாயிலோன் கணக்குப் பிரிவில் இருக்கிறார். “போஸ் வெளியூர் போயிருக்காரு சார், அடுத்த வாரம் போன் பண்ணுங்க” என்பது அவருடைய நிலைத்த பாடம், பாடபேதம் கிடைக்கவில்லை.

விளையாட்டை நிறுத்திவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். 1924இல் தோன்றி 2019இல் நின்றுபோன ‘தமிழ் நேசன்’, 1970களில் பவுன் பரிசுத் திட்டம் ஒன்றை நடத்தியது. தேர்ந்த சிறுகதைக்குத் தங்கம். பவுன் என்பது எட்டு கிராம். அன்றும் எட்டு, இன்றும் எட்டு. விலைவாசி ஏறினால் தங்கமும் பெரும்பாலும் கூடவே ஏறும். கூலியை உயர்த்தித் தரும்படி எழுத்தாளன் எவரிடமும் வாய் திறக்க வேண்டியதில்லை. வெள்ளிக் கணக்கில் பேசியவனோ, பேசிய நாளின் விலைவாசியிலேயே ஆயுள் முழுவதும் நின்றுவிடுகிறான். இவ்வளவு எளிய பொருளாதாரத்தை அந்தத் திட்டத்திலிருந்து எவரும் கற்றுக்கொள்ளாதது என் வரையில் பெரிய வருத்தம்.

ஆதலால், அடுத்த ஆராய்ச்சி மாநாட்டை நடத்தவிருக்கும் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். இப்பொருளுக்கென்று ஓர் அமர்வை, மதிய உணவுக்கு உடனே பிந்தியதாக இல்லாமல், ஒதுக்குக. இக்கட்டுரையை நானே வந்து வாசிப்பேன். கேரி தீவிலிருந்து வந்து திரும்பும் வண்டிச் செலவையும், வாசிப்புக்குரிய கூலியையும், முன்கூட்டியே எழுத்தில் உறுதி செய்து அனுப்புக, பொன்னாடை வேண்டாம்.