வளி-எரிபொருள் உணரி மாற்றியல்: மிச்சம் வழக்கை முன்வைத்து ஒரு முன்னாய்வு

இப்பொருள் குறித்து இதுவரை யாரும் ஆய்வு செய்யவில்லை. எல்லா ஆய்வேடுகளும் இந்த வரியோடு தொடங்குவதால் இதுவும் தொடங்குகிறது. செய்தவர்கள் இருக்கக்கூடும், அவர்களை வாசிக்காமல் இருப்பதே இந்த வரியை எழுதும் தகுதி.

களம், தென் லண்டனில் மெர்ட்டன் நகராட்சிக்குள் அடங்கும் மிச்சம். லாவெண்டருக்கும் புதினாவுக்கும் பேர்போன ஊர். 1749இல் தொடங்கிய பொட்டர் அண்ட் மூர் நிறுவனம் அவற்றை வடித்து எண்ணெயாக்கி விற்றது. 1803இல் திறந்த சரே இரும்புப் பாதை இவ்வூர் வழியாகத்தான் சென்றது. அதில் வண்டி இழுத்தவை குதிரைகள். குதிரைக்கு எஞ்சின் லைட் எரியாது என்பதால் அக்காலம் நம் ஆய்வெல்லைக்குப் புறம்பு. ஊர்ப் பெயரைத் தமிழில் எழுதிப் பார்த்துவிட்டு அதன் தொன்மையை நிறுவக் கிளம்புகிறவர்கள் தாராளமாகக் கிளம்பலாம்; நமக்கு அவர்களோடு வழக்கில்லை. 2023 ஆகஸ்ட் 29 அன்று அதிதாழ் புகை வலயம் இப்பகுதிக்கும் நீண்டது. தகுதியற்ற காருக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண் என்றானதும், அதுவரை புகையைப் பற்றி வாய் திறவாத ஊரில் புகையறிஞர் பெருகினர்.

இனி நூற்பொருள். பெற்றோல் ஒரு பங்கு எரிய, எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். 2021 செப்டெம்பரில் பிரித்தானியாவில் எத்தனோல் 10 விழுக்காடு வரை கலந்த பெற்றோல் வந்தபின் அந்தக் கணக்கு 14.1 அளவுக்கு இறங்கியது. ஊரார் இன்னும் 14.7ஐயே ஓதுகின்றனர், மரபு அப்படி. எரிந்தபின் புகையில் எவ்வளவு ஒட்சிசன் தங்கியிருக்கிறது என்று மோந்து பார்த்துக் கணினிக்குச் சொல்வதே உணரியின் தொழில். அதன் உள்ளே இருப்பது சிர்கோனியா என்னும் பீங்கான் வகை. அது மின்னழுத்தம் தரும் கணக்கை வகுத்தவர் 1920ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பெற்ற வால்ட்டர் நெர்ன்ஸ்ட். பொஷ் நிறுவனம் செய்த உணரி 1976இல் வோல்வோ காரில் ஏறியது. அந்தப் பழைய வகைக்குத் தெரிந்தவை 'கூட', 'குறைய' என்னும் இரண்டே சொற்கள்: 0.45 வோல்ட்டுக்கு மேலே போனால் பெற்றோல் கூட, கீழே போனால் குறைய. நம் இலக்கியக் காலக்கணிப்பாளர்களும் இந்த வகையினரே. 'முன்', 'பின்' என்பதோடு அவர்களுக்கும் ஊசி நின்றுவிடும். எவ்வளவு கூட, எவ்வளவு குறைய என்று அளந்து சொல்லும் அகலப்பட்டை வகை 1990களில் வந்தது. அதைத்தான் வளி-எரிபொருள் உணரி என்கிறோம்.

இரண்டு வகைக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு. 300 பாகைக்கு மேல் சூடேறாமல் வாய் திறக்காது. ஆகவே உள்ளேயே ஒரு சூடேற்றி வைத்திருக்கிறார்கள். கருத்தரங்குகளில் காணப்படும் வகை இதற்கு மறுதலை: முதலில் பேசும், சூடு பிறகு ஏறும்.

லைட் எரிந்ததும் கோட் ரீடரைச் செருகினால் மூலபாடம் கிடைக்கும். அதிகம் கிடைப்பது பி0171: கலவையில் பெற்றோல் குறைவு. இதற்கு உரை காண்போர் நான்கு பள்ளியினர். ஒட்டுவோர் கறுப்பு டேப் ஒட்டுவர். அழிப்போர் கோடை அழித்துவிட்டு அடுத்த சிக்னலுக்குள் மறுபடி அதே கோடைக் காண்பர். பூசையார் விம்பிள்டன் கணபதி கோயிலுக்குக் காரைக் கொண்டுபோவர். எலுமிச்சம்பழத்தால் உணரி கெட்டதற்குச் சான்று இல்லாமையால் அவர்களை நாம் மறுக்கவில்லை. நான்காமவர், ஊரில் பெருந்தொகையினர், மாற்றுவோர். இவர்கள் பி0171ஐப் பார்த்த மாத்திரத்தில் புது சென்சர் வாங்குவர்.

மாற்றுவோர் தவறுவது எங்கே? உணரிக்கு முன்னால் புகைக்குழாயில் மயிரிழை ஓட்டை இருந்தாலும், புகை துடித்துத் துடித்து வரும் இடைவெளியில் வெளிக்காற்று உள்ளே இழுபடும். உணரி அந்த ஒட்சிசனையும் நேர்மையாக அறிவிக்கும். கணினி அதை நம்பிப் பெற்றோலைக் கூட்டும். எஞ்சினுக்குக் காற்றுக் கொண்டுபோகும் ஹோஸ் வெடித்திருக்கலாம், காற்றளவி அழுக்காகியிருக்கலாம், பெற்றோல் பம்ப் இளைத்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் வரும் கோட் ஒன்றே. செய்தி பிடிக்காவிட்டால் சொன்னவனைக் கழற்றுவதை இங்கே பழுதுபார்ப்பு என்கிறார்கள். தமிழ்த்துறைகளில் இதற்குப் பெயர் பாடத்திருத்தம்: தன் கொள்கைக்கு ஒவ்வாத அடி வந்தால் அது ஏடெழுதினவன் பிழை, அவன் என்றோ செத்துப்போனதால் மறுப்புரை வருவதில்லை.

முறையறிந்தவர் செய்வது வேறு. ரீடரில் ஓடும் எரிபொருள் திருத்தக் கணக்கைப் பார்ப்பர். சும்மா நிற்கும்போது திருத்தம் ஏறிக் கிடந்து, 2500 சுற்றில் இறங்கினால் எங்கோ காற்றுக் கசிவு. சுமையோடு ஏறினால் பெற்றோல் வரத்துக் குறைவு அல்லது காற்றளவி. காற்று உட்புகும் வாயில் கொஞ்சம் புரொப்பேன் வாயுவைக் காட்டினால் உணரி உடனே 'கூட' என்று துள்ள வேண்டும். துள்ளினால் அது உயிரோடிருக்கிறது, கை வைக்காதீர்கள்.

மெய்யாகவே உணரியின்மேல் குற்றம் சாட்டும் கோடுகளும் உண்டு. பி0135 என்பது சூடேற்றியின் சுற்றைக் குறிப்பது. அதற்கும் ஃபியூசைப் பார்த்துவிட்டே தீர்ப்புச் சொல்ல வேண்டும். அந்தக் கோடின் இறுதியில் வரும் 'பாங்க் 1, சென்சர் 1' என்னும் தொடரில்தான் இவ்வாய்வின் உயிர் நிற்கிறது.

சென்சர் 1 எது? காரின் முன்பக்கம் இருப்பதே முதல் என்பது ஒரு சாரார் (பக்கத்து வீட்டு அண்ணை, மதிலில் சாய்ந்தபடி). புகை காரைப் பார்த்து ஓடுவதில்லை, எஞ்சினிலிருந்து வெளியே ஓடுகிறது. ஆகவே புகை முதலில் சந்திப்பதே முதல் என்று மறுப்பர் பிறர் (மேற்படியாரின் மைத்துனர், அதே மதில், மறுபக்கம்). விலை கூடியதே முதல் என்பது வணிகர் கொள்கை (பாகக் கடை, கவுண்டர் வாய்மொழி, வரிசையில் மூன்றாவதாக நின்றவர் இடைமறித்துத் திருத்தியது). கழற்ற வராததே முதல் என்பது அனுபவவாதிகளின் கூற்று (எண்ணெய்க் கறை படிந்த ரசீதின் பின்புறம், பென்சில் ஓரக்குறிப்பு, அதன்மேல் வேறு கையெழுத்தில் 'பிழை' என்றுள்ளது, அந்தப் 'பிழை'யும் பின்னால் வந்த ஒருவரால் வெட்டப்பட்டுள்ளது, வெட்டிய மையின் நிறத்தைக் கொண்டு மூன்று பள்ளிகள் தோன்றின). மைத்துனர் சொன்னதே சரி. வினையூக்கி மாற்றிக்கு முன்னால் இருப்பது சென்சர் 1. பின்னால் இருப்பது சென்சர் 2; மாற்றி வேலை செய்கிறதா என்று உளவு பார்ப்பதே அதன் முதற்பணி. ஆனால் மைத்துனருக்குப் பட்டம் இல்லை என்பதால் அவர் கருத்தை ஆய்வுலகம் ஏற்பதில்லை.

பாங்க் 1 இதைவிட நுணுக்கமானது. அமெரிக்க நூல் 'டிரைவர் பக்கம்' என்று எழுதும். ஆசிரியர் எந்த இருக்கையிலிருந்து எழுதினார்? அமெரிக்காவில் அது இடம், மிச்சத்தில் வலம். இனி இடம், வலம் என்பன யாருக்கு? காருக்குள் இருந்து காண்போனுக்கு ஒன்று, பொனெட்டைத் திறந்து எதிரே நின்று காண்போனுக்கு அதன் மறுதலை, அடியில் மல்லாந்து கிடந்து காண்போனுக்குச் சொல்ல முடியாத ஒன்று (வேன் கண்ணாடித் தூசியில் விரலால் எழுதிய பெயரறியா உரை, முதலடி தெளிவு, இரண்டாமடி மழையால் சிதைவு, மூன்றாமடியில் வேனைக் கழுவச் சொல்லும் வரி இடைச்செருகல் என்பர், ஆயினும் அதுவே மூலம் என்பது எம் துணிபு). தீர்ப்பு எளிது: முதலாம் சிலிண்டர் இருக்கும் பக்கமே பாங்க் 1. இவ்வளவும் வி வடிவ எஞ்சின் போல இரண்டு பாங்க் உள்ளவற்றுக்கு மட்டும். சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கும் மூன்று, நான்கு சிலிண்டர் எஞ்சினில் இருப்பது ஒரே பாங்க் என்பதால் பெரும்பாலான சிறு கார்களுக்கு இப்பிரச்சினையே எழாது. இருப்பினும் பக்கம் குறைந்தால் ஆய்வேட்டை ஏற்க மாட்டார்கள்.

கழற்றும் இயல் சுருக்கமானது. 22 மில்லிமீற்றர், வயர் வெளியே வரப் பிளவுள்ள சொக்கெற். எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்க வேண்டும். முந்திய இரவே துருவிளக்கி எண்ணெய் விட வேண்டும். பிளக்கைக் கழற்றாமல் திருகினால் வயர் முறுகி அறும். கிறீஸ் மரைக்கு மட்டும், நுனிக்குப் பட்டால் புது சென்சரும் பழசாகிவிடும். பக்கத்தில் சிலிக்கோன் பசை வேண்டாம், அதன் ஆவி உணரியைக் கொல்லும்.

ஒட்டுவோர் பள்ளிக்கு ஒரு பின்னிணைப்பு. 2003 ஜூலை முதலாக ஓடத் தொடங்கிய பெற்றோல் கார்களுக்கு எம்.ஓ.டி. சோதனையில் இந்த லைட்டையும் பார்ப்பார்கள். சாவியைத் திருப்பியதும் எரிய வேண்டும், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். டேப்புக்கு அடியில் அது இரண்டையும் செய்கிறது என்ற வாதம் இதுவரை எடுபடவில்லை.

இவ்வேடு முறைப்படி புறத்தேர்வாளர் ஒருவருக்கு அனுப்பப்பட்டது. லண்டன் வீதியோரக் கராஜில் பணிபுரியும் தம்பி அவர். முழுவதையும் படித்து, துணியில் கை துடைத்துக்கொண்டு, வாய்மொழித் தேர்வில் ஒரே கேள்வி கேட்டார்: "அண்ணை, புகைக்குழாயில ஓட்டை இருக்கோ எண்டு குனிஞ்சு பாத்தனீங்களோ?" குனிதல் இரண்டாம் தொகுதிக்கு ஒதுக்கப்பட்டுள்ளது என்று தெரிவித்தோம். அதற்கு நிதி கேட்டு விண்ணப்பித்திருக்கிறோம்.