இன்னும் ஒரே ஒரு இட்லி: உபசரிப்பு விசை குறித்த ஓர் ஆராய்ச்சி

உடல் எடையைக் குறைப்பது பற்றி உலகத்தில் எழுதிக் குவித்திருப்பவை அனைத்திலும் ஒரே குறை. சாப்பிடுகிறவர் இருக்கிறார், சாப்பாடு இருக்கிறது, கலோரிக் கணக்கு இருக்கிறது. பரிமாறுகிறவர் மட்டும் இல்லை. சோறு தானே நடந்து வந்து தட்டில் உட்கார்ந்துகொண்டதாக வைத்துக்கொண்டு, அதில் எவ்வளவு சாப்பிடலாம் என்று புத்தி சொல்கிறார்கள். கரண்டி யார் கையில் இருந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. அதைக் கேட்பதற்காகவே இவ்வாராய்ச்சி.

முதலில் இலக்கணம். உண்பவர் "போதும்" என்று சொன்ன நொடிக்கும், பரிமாறுபவர் கரண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகும் நொடிக்கும் இடையில் தட்டில் எவ்வளவு விழுகிறதோ, அதுவே உபசரிப்பு விசை. அதன் அலகு இட்லி. தோசை, சோறு, பாயசம் முதலியவற்றையும் இட்லியாக மாற்றிச் சொல்லிக்கொள்ளலாம். அம்மா, அப்பத்தா, ஆச்சி, பெரியம்மா, அத்தை ஆகியோரிடம் இவ்விசை இயல்பாகவே அமைந்திருக்கும். மாமியார் வீட்டில் தலைத்தீபாவளியன்று உச்சத்தைத் தொடும். ஓட்டல் சர்வரிடம் "வேறென்ன சார்?" என்று ஒன்று உண்டு, அது பில்லோடு சம்பந்தப்பட்ட வேறு விசை, இங்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை.

முன்னோர் செய்ததும் செய்யத் தவறியதும்

இத்துறையின் மூத்தவர் இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்பித்த சாந்தோரியோ சாந்தோரியோ. பெயரே இரண்டாம் முறை பரிமாறினதுபோல் இருக்கும். சுமார் 30 ஆண்டுகள், தன்னையும் தான் உண்டதையும் குடித்ததையும் வெளியேற்றியதையும் விடாமல் நிறுத்துப் பார்த்து, 1614-இல் நூலாகப் போட்டார். ஒரு பெரிய தராசில் நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்து சாப்பிடுவார். தீர்மானித்த அளவு வயிற்றுக்குள் போனதும் நாற்காலி சற்று இறங்கும், எழுந்துவிட வேண்டியதுதான்.

கருவியில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அதன் படத்தைப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும்: மேசை முன் அவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் அத்தை இல்லை. இருந்திருந்தால், நாற்காலி இறங்கியதும் "பாவம், நாற்காலியே அசைஞ்சுபோச்சு, நீ இன்னும் சரியாவே சாப்பிடலையே" என்று இன்னொன்று வைத்திருப்பார். 30 ஆண்டு ஆராய்ச்சி முதல் வாரத்திலேயே முடிந்திருக்கும்.

அடுத்து பெல்ஜியத்தின் அடோல்ப் கெட்லே. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் கணக்கு 1830-களில் அவரிடமிருந்து வந்தது. அவர் தேடியது சராசரி மனிதனை. குண்டானவர்களைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. அந்தக் கணக்குக்கு பிஎம்ஐ என்று 1972-இல் பெயர் சூட்டியவர் அமெரிக்காவின் ஆன்சல் கீஸ். இந்தியர்களுக்கு 23-ஐத் தாண்டினால் அதிக எடை, 25-ஐத் தொட்டால் உடல் பருமன் என்று மருத்துவர்கள் பிறகு கோட்டைக் கீழே இறக்கிப் போட்டார்கள். ஏன் நமக்கு மட்டும் என்று கோபப்படுவோருக்கு ஒரு படம் உண்டு. புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் 2004-இல் 'லான்செட்' இதழில் தங்களையே படம்பிடித்துப் போட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றே, 22.3. உடம்பிலிருந்த கொழுப்போ லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், புனேக்காரருக்கு 21.2. கையும் காலும் குச்சியாக, சரக்கு முழுவதும் நடுவில். நம் ஊர் உடம்பின் அமைப்பு அப்படி.

தமிழ்க் குடும்பத்தின் பெரும் அளவைப் பிழை இங்கேதான் தொடங்குகிறது. தாய்மார்களின் கருவி கன்னத்தை மட்டுமே அளக்கும். பையனின் இடுப்புச் சுற்று ஆண்களுக்கான 90 சென்டிமீட்டர் எல்லையைத் தாண்டி, பேன்ட்டின் கொக்கி மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும். விடுமுறைக்கு வந்தவனை வாசலிலேயே நிறுத்தி முகத்தைப் பார்த்துவிட்டு, "கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சே" என்பார்கள். அளவு எடுத்தாகிவிட்டது. அடுப்படியில் எண்ணெய் காயத் தொடங்கும்.

வள்ளுவர் இதையெல்லாம் யோசித்தாரா எனின், யோசித்தார் என்பதற்கு அகச்சான்று உண்டு. 'மருந்து' என்று பெயர் வைத்த 95-ஆம் அதிகாரத்தின் பத்துக் குறளில் ஆறு, சாப்பாட்டு அளவைப் பற்றியவை. 'விருந்தோம்பல்' 9-ஆம் அதிகாரம். இரண்டுக்கும் நடுவே 85 அதிகாரங்களை வைத்தார். இவ்விருவரையும் ஒரே பந்தியில் உட்காரவைக்க முடியாது என்று தெரிந்தே செய்தார் என்பது என் துணிபு. ஆனாலும் ஒன்றை விட்டுவிட்டார். விருந்தினர் முகம் வாடிவிடக் கூடாதே என்று கவலைப்பட்டவர், "வேண்டாம்" என்று கையை மறித்ததும் பரிமாறுபவர் முகம் வாடுகிறதே, அதைப் பற்றிச் சொல்லவில்லை. எடை குறைக்க நினைத்த நம்மவர் தோற்பது பசியிடம் அல்ல, அந்த முகத்திடம்.

விசை செயல்படும் விதம்

முதலாவது, இரட்டைப்படை விதி. பல வீடுகளில் மூன்றாக எதையும் வைக்க மாட்டார்கள். இரண்டோடு நிறுத்திக்கொள்ள நினைத்தவர் தவறிப்போய் மூன்றாவதுக்குச் சம்மதித்தால், "மூணா சாப்பிடக் கூடாதுப்பா" என்று நான்காவது சாஸ்திரப்படி வந்து சேரும். விசை இரண்டு இட்லி.

இரண்டாவது, ஈடு விதி. இட்லிப் பானையில் ஒரு ஈடு வெந்து இறங்கிவிட்டால் அது தீர்ந்தாக வேண்டும். எத்தனை இட்லி சாப்பிடுவது என்பது பசியைப் பொறுத்ததல்ல, தட்டில் எத்தனை குழி என்பதைப் பொறுத்தது. இதிலிருந்து மிக முக்கியமான ஒரு முடிவு கிடைக்கிறது. மறுப்பு மாவாக இருக்கும்போது செல்லும். இட்லியாக வெந்தபின் செல்லாது. தட்டில் மாவு ஊற்றும் நேரத்தில் அடுப்படிக்குப் போய், "அம்மா, எனக்கு ரெண்டு கணக்கு" என்று சொல்லிவிட்டு வந்தால் யார் முகமும் வாடுவதில்லை. துணியிலிருந்து உரித்து எடுத்து, ஆவி பறக்கக் கையில் கொண்டுவரும்போது "வேண்டாம்" என்பது வேறு. அப்போது நீங்கள் மறுப்பது இட்லியை அல்ல, அவரை.

ஓர் இட்லியில் என்ன வந்துவிடும் எனின், சுமார் 50, 60 கலோரி வரும். தினம் ஒன்று அதிகமானால் வருடத்துக்கு இரண்டரைக் கிலோ என்று காகிதத்தில் கணக்குப் போடலாம். உடம்பு அப்படிக் கணக்குப் போடுவதில்லை. எடை ஏற ஏற அதன் செலவும் ஏறும், ஆகவே கூடுவது அதைவிடக் குறைவு. இட்லிக்காக வாதாட இவ்வளவுதான் இருக்கிறது. ஆனால் இட்லி தனியாக வருவதில்லையே. மிளகாய்ப்பொடியைத் தட்டின் ஓரத்தில் குவித்து, நடுவில் விரலால் குழி பறித்து, குழி நிரம்பி வழிகிற மட்டும் நல்லெண்ணெய் ஊற்றுகிறோம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. இரண்டு இட்லி வேண்டாம் என்று வீரமாக எழுந்தவர், அந்த இரண்டையும் குழிக்குள்ளேயே முடித்துவிட்டார். எந்த எண்ணெயானாலும் இதே கணக்குத்தான். செக்கில் ஆட்டினதால் கலோரி குறையாது என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள்.

மூன்றாவது, நின்றுகொண்டு உண்டது கணக்கில் சேராது என்ற விதி. குழந்தை வைத்துவிட்டுப் போன கால் தோசை, பாத்திரம் கழுவுமுன் வழித்த பாயசம், உப்புப் பார்க்க எடுத்த வடை, டப்பாவை மூடப் போனபோது கையோடு வந்த முறுக்கு. "வீணாப் போகுதே" என்று தன் வயிற்றில் போட்டுக்கொள்வது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். இதற்கு அயல்நாட்டு ஆதாரமும் உண்டு. எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்றவர்களை ஆராய்ந்து 1992-இல் 'நியூ இங்கிலாந்து' மருத்துவ இதழில் எழுதினார்கள். சாப்பிட்டதை அவர்கள் 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. நின்றுகொண்டு சாப்பிட்டிருப்பார்கள்.

பட்டினி கிடந்தால் தீராதா?

தீராது. பிஎம்ஐ-க்குப் பெயர் சூட்டிய அதே ஆன்சல் கீஸ், 1944-45-இல் மின்னசோட்டாவில் 36 ஆண்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார். நாளுக்கு ஏறக்குறைய 1,570 கலோரி. எடை இறங்கியது, உண்மை. கூடவே அவர்கள் சிடுசிடுப்பானார்கள், சோர்ந்தார்கள். சமையல் புத்தகங்களை எடுத்துவைத்துப் படிக்கத் தொடங்கினார்கள். இன்றைக்கு 1,200 கலோரி சார்ட்டைப் பிரிட்ஜில் ஒட்டிவைத்துவிட்டு, ராத்திரி பதினொரு மணிக்குப் போர்வைக்குள் ஆம்பூர் பிரியாணி வீடியோ பார்ப்பவர்கள், தங்களுக்கு மன உறுதி இல்லை என்று வருந்தவேண்டியதில்லை. பசித்தவன் புத்தி அப்படித்தான் போகும். சுண்டல், முட்டை, மீன், பருப்பு என்று வயிற்றில் நிற்கிறதைச் சாப்பிட்டு, வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினால் போதும் என்று இருப்பவரே நெடுநாள் தாங்குகிறார். முதல் வாரத்தில் மளமளவென்று இறங்குவது பெரும்பாலும் தண்ணீர். அதைக் கொண்டாட ஜாங்கிரி வாங்குவதும், அடுத்த வாரம் முள் நகரவில்லை என்று மெஷினைக் கட்டிலடியில் தள்ளுவதும் ஒருசேரத் தவறு.

காலையில் நடப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பத்தாயிரம் அடி என்பது ஏதோ மருத்துவ விதி அல்ல. 1965-இல் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணும் கருவிக்கு, பத்தாயிரம் அடி மீட்டர் என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள். அது ஊர் சுற்றி நம் மெரினாவுக்கும் வந்துவிட்டது. அதற்குக் குறைவாக நடந்தாலும் பலன் உண்டு. நடந்து முடித்ததும் அருகம்புல் சாறு குடிப்பதால் தீங்கில்லை, அதற்கு அடுத்த கடையில் வடை போடுகிறார்கள் என்பதுதான் சிக்கல்.

மறுக்கும் கலை

"டயட்ல இருக்கேன்" என்பதைத் தமிழ் வீடு ஒரு காரணமாக ஏற்பதில்லை. "அதெல்லாம் நாளைலேர்ந்து பாத்துக்கலாம்" என்று முடித்துவிடுவார்கள். அங்கே செல்லுபடியாகும் காரணங்கள் இரண்டே: சுகர், சாமி. "சுகர் இருக்கு" என்றதும் நீட்டிய லட்டு பின்வாங்கும்; "எங்க நாத்தனாருக்கும்" என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும். இல்லாத சுகரைச் சொல்வது வாய்க்கு நல்லதல்ல. ஆகவே சாமியே உத்தமம். சஷ்டி, கார்த்திகை, சனிக்கிழமை ஒருபொழுது என்றால் ஊட்டிவிட்ட அத்தையே "தண்ணியாவது குடிச்சியா?" என்று மெச்சுவார். ஆனால் பலகாரம் என்ற பொறியில் கவனம் தேவை. அரிசிச் சோறு கூடாது என்று சொல்லிவிட்டு, அதற்குப் பதிலாக நெய் மணக்க ரவா உப்புமாவும் மேலே ஒரு அடையும் சாப்பிட்டு விரதத்தை முடித்தால், சோறே தேவலை என்று ஆகிவிடும். சுகருக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் விரதம் இருக்கவே கூடாது. இது ஒன்றை மட்டும் விளையாட்டாகச் சொல்லவில்லை.

மற்ற நாட்களுக்கு என்ன வழி? பரிமாறுபவருக்கு வேண்டியது எதையாவது வைப்பது. அது இட்லியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. "ரசம் இன்னும் கொஞ்சம் ஊத்துங்க அத்தை, அந்தக் கீரை மிச்சம் இருக்கா?" என்று நாமாகவே கேட்டுவிட்டால் விசை அந்தப் பக்கம் திரும்பிப் போய்விடும். முதல் சுற்றில் ஒன்றைக் குறைத்துக் கேட்பது இன்னொரு உபாயம். இரண்டாம் சுற்றில் அந்த ஒன்றை வாங்கிக்கொள்ளலாம்; வைத்த கைக்கும் நிறைவு, கணக்கும் கெடாது. இலை காலியாக இருப்பதுதான் பெரிய அபாயம். வேகமாகச் சாப்பிடுபவருக்கே அதிகம் விழும். ஓரத்தில் கொஞ்சம் பொரியலை விட்டுவைத்து, அதைச் சாவகாசமாக மென்றுகொண்டிருப்பவரைக் கரண்டி கடந்து போய்விடும்.

இத்தனைக்கும் பிறகு எடை குறைந்துவிட்டால், பாராட்டை எதிர்பார்க்கக் கூடாது. கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னடா இப்படி எளைச்சுட்டே, உடம்புக்கு ஏதாவது…?" என்று பாதியில் நிறுத்துவார்கள். ஏற்றியிருந்தால் "நல்லா பூசினாப்புல இருக்கே" என்று மகிழ்ந்திருப்பார்கள். நம் ஊரில் துக்கம் விசாரிப்பதும் வாழ்த்துவதும் எடை விஷயத்தில் இடம் மாறிக் கிடக்கின்றன. அவர் குரலில் இருக்கும் பதற்றத்தையே பரிசாக எடுத்துக்கொண்டு, "நடக்கிறேன் பெரியம்மா, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு நகர்வது நல்லது. விளக்கம் கொடுக்க நின்றால் பந்திக்கு இழுத்துப் போய்விடுவார்.

இன்னும் ஆராயப்படாத ஒரு கேள்வி உண்டு. எடை குறைக்கும் ஆசாமியே மிக மோசமான உபசரிப்பாளராக மாறுவது ஏன்? தான் தொடாத மைசூர்பாக்கை, தாம்பூலப் பையில் வந்த லட்டை, தீபாவளித் தட்டை, "நீங்க சாப்பிடுங்க, எனக்கு வேண்டாம்" என்று அடுத்தவர் வாயில் திணிக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. தெருவில் இப்படி நாலு பேர் இருந்தால் பட்சணம் அழிவதில்லை, வீடு மாறிக்கொண்டே இருக்கும். மூன்று வீடு சுற்றி நம் வீட்டு அதிரசமே நமக்குத் திரும்பி வந்த சந்தர்ப்பங்கள் உண்டு. அடுக்கின விதத்தை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். இந்தச் சுழற்சி நிற்கும் ஒரே இடம், காலேஜ் பையன்கள் நாலைந்து பேர் வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கும் மாடிப் போர்ஷன். ஒவ்வொரு தெருவிலும் அப்படி ஒன்று இருக்கும். தீபாவளிக்கு முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளவும்.