உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்

ஆடித் தள்ளுபடி பற்றியே இத்தனை கேள்விகள் வந்திருப்பதால், இந்த முறை முழு இடமும் துணிக்கே.

கேள்வி: ஆடி பிறந்ததும் எல்லா ஜவுளிக்கடைக்காரர்களுக்கும் ஒரே நேரத்தில் தாராள மனசு வந்துவிடுகிறதே, எப்படி? (விழுப்புரம் வாசகர்)

பதில்: அது மனசு விஷயமல்ல, அலமாரி விஷயம். ஆடியில் கல்யாணம் கிடையாது. முகூர்த்தப் பட்டு விற்காது. ஆவணியில் முகூர்த்தங்கள், அதன் பின்னாலேயே தீபாவளி. அந்தச் சரக்கை அடுக்க இடம் வேண்டும், பழைய சரக்கு காசாக வேண்டும். இதில் தப்பே இல்லை. கடைக்காரருக்கு இடம் கிடைக்கிறது, நமக்குத் துணி கிடைக்கிறது. ஆனால் சில கடைகளில் தள்ளுபடிக்கென்றே தனிச் சரக்கு வந்து இறங்கும். அடுக்கில் இருந்த துணி எது, ஆடிக்காக வந்த துணி எது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், ஆனி மாதமே ஒருமுறை போய்ச் சுற்றிவிட்டு வாருங்கள். பிடித்ததன் விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆடியில் அதே துணி என்ன விலைக்கு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். உண்மையான தள்ளுபடி அவ்வளவுதான்.

கேள்வி: 50 சதவீதத் தள்ளுபடி, அதற்கு மேல் இன்னொரு 20 சதவீதம். மொத்தம் 70தானே? என் கணவர் இல்லை என்கிறார். (திண்டுக்கல் வாசகி)

பதில்: அவர் சொல்வதுதான் சரி. 1,000 ரூபாய்ச் சேலை முதலில் 500 ஆகும். அடுத்த 20 சதவீதம் அந்த 500-இல்தான் கழியும். நீங்கள் கொடுப்பது 400. தள்ளுபடி 60 சதவீதம். அதேபோல, ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்றால் விலையில் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அதுவும் மூன்றும் உங்களுக்குத் தேவைப்பட்டால்தான். ஒரு சட்டை வாங்கப் போனவருக்கு அது இரண்டு சட்டைச் செலவு.

கேள்வி: ‘தள்ளுபடி’ என்ற சொல்லுக்கு உங்கள் விளக்கம்? (காரைக்குடி வாசகர்)

பதில்: கொஞ்சம் தள்ளி நின்று, பலகையின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படி. ‘குறிப்பிட்ட ரகங்களுக்கு மட்டும்’ என்பது அங்கேதான் இருக்கும்.

கேள்வி: கையில் 2,000 ரூபாய். வளரும் பிள்ளைகள் இரண்டு பேர். குறைந்த விலையில் நல்ல துணியை எப்படிக் கண்டுபிடிப்பது? (திருவள்ளூர் வாசகி)

பதில்: சட்டையை உள்பக்கம் திருப்புங்கள். வெளிப்பக்கம் கடைக்காக, உள்பக்கம்தான் உங்களுக்காக. தையல் நெருக்கமாக, இழுத்தால் வாய் பிளக்காமல் இருக்கிறதா? ஓரத்தில் உள்துணி விட்டிருக்கிறார்களா? கீழ் மடிப்பு எத்தனை அங்குலம்? பாவாடையிலும் பேன்ட்டிலும் மடிப்பு இரண்டு அங்குலம் இருந்தால், அடுத்த வருடம் தையல்காரரிடம் கொடுத்துப் பிரித்துவிடலாம். பிள்ளைக்கு வளர இடம் கொடுக்கும் துணிதான் உங்களுக்கு மலிவு.

பிறகு வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். நெசவு சீராக இல்லாமல் அங்கங்கே விட்டுத் தெரிந்தால் நாலு துவைப்புக்குத் தாங்காது. இரண்டு விரலுக்கு நடுவே வைத்து நன்றாகக் கசக்குங்கள். மாவு மாதிரி உதிர்ந்தால், கனமாகத் தெரிந்தது துணியல்ல, கஞ்சி. வெள்ளைக் கைக்குட்டையின் முனையை நனைத்து, உள்பக்கத்து ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள்; சாயம் ஏறினால், அது மற்ற துணிகளிலும் ஏறும்.

டி-ஷர்ட் என்றால் மேசையில் விரித்து இரண்டு பக்கத் தையலையும் பாருங்கள். நேராக இறங்காமல் முன்பக்கம் திரும்பியிருந்தால், துவைக்கத் துவைக்க இன்னும் முறுக்கிக்கொள்ளும். ‘காட்டன்’ என்று சொன்னார்களே என்ற சந்தேகம் வீட்டுக்கு வந்த பின்னும் இருந்தால், உள்தையலில் இருந்து ஓர் இழையை உருவிப் பாத்திரத்தின் மேல் வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி, கெட்டி மணியாக உறையும். கலப்பு நூல் தப்பே அல்ல, பள்ளிச் சீருடைக்கு அது உழைக்கும். ஆனால் கலப்புக்குக் கலப்பின் விலைதான் கொடுக்க வேண்டும்.

கேள்வி: திருப்பூர் காதர்பேட்டையில் வெளிநாட்டு டி-ஷர்ட் மலிவாகக் கிடைக்கிறதாமே? (கரூர் வாசகர்)

பதில்: கிடைக்கிறது. ஆர்டருக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகத் தைப்பது ஏற்றுமதிக் கம்பெனிகளின் வழக்கம். ஆர்டர் ரத்தானாலும், சோதனையில் கழிபட்டாலும் துணி அங்கேயே நின்றுவிடும். மிச்சமானதும் கழிக்கப்பட்டதும் ஒரே குவியலில் கிடக்கலாம். மிச்சமானது ‘சர்ப்ளஸ்’, முழுத் துணி; கழிபட்டது ‘செகண்ட்ஸ்’. எங்காவது எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை, நிற வேறுபாடு இருக்கும். ‘செகண்ட்ஸா, சர்ப்ளஸா?’ என்று நேராகவே கேளுங்கள், சொல்வார்கள். கழுத்துச் சீட்டை வெட்டியிருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். வாங்கிய கம்பெனியின் பெயர் தெரியக் கூடாது என்பதற்காக வெட்டுவது. சைஸ் சீட்டை மட்டும் நம்பாதீர்கள். வெளிநாட்டுக்காரர்களின் ‘மீடியம்’ நமக்குத் தொளதொளவென்று இருக்கும். வீட்டில் சரியாக இருக்கும் ஒரு டி-ஷர்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய், மேல் வைத்து அளந்து வாங்குங்கள். ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்குப் போவதானால் திங்கள் மாலையில் இருந்து செவ்வாய்க்குள் போங்கள். அங்கே மொத்த வியாபாரமே முக்கியம். நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து போனால் விலை படியும்.

கேள்வி: ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறார்களே? (நாகர்கோவில் வாசகி)

பதில்: அச்சடித்ததெல்லாம் சட்டமாகாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் குறித்த நாளுக்குள், நாள் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். தள்ளுபடியில் வாங்கினாலும் குறை குறைதான். ஆனால் நிறம் பிடிக்கவில்லை என்பது குறையில் சேராது. பில்லைப் பத்திரமாக வையுங்கள். கடை மறுத்தால் 1915-க்கு போன் செய்யுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது.

கேள்வி: கைத்தறி கட்ட ஆசை. என் சம்பளத்துக்கு அடங்குமா? (ஆரணி வாசகி)

பதில்: விலையை மட்டும் பார்க்காதீர்கள், எத்தனை முறை கட்டுவீர்கள் என்று வகுத்துப் பாருங்கள். 400 ரூபாய்ச் சேலை பத்துக் கட்டில் நைந்தால் கட்டுக்கு 40 ரூபாய். 1,500 ரூபாய்க் கைத்தறி நூறு முறை வந்தால் 15 ரூபாய்தான். 1935-இல் தொடங்கிய கூட்டுறவுக் கடையான கோ-ஆப்டெக்ஸ், தீபாவளியை ஒட்டி 30 சதவீதம் தள்ளுபடி தருவது வழக்கம். அதுவரை பொறுத்திருங்கள்.

கேள்வி: கடைப் பெண் முப்பது சேலையைப் பிரித்துப் போட்ட பிறகு, வாங்காமல் எழுந்து வரக் கூச்சமாக இருக்கிறது. பாவம் பார்த்தே பலமுறை வாங்கிவிட்டேன். (தாம்பரம் வாசகி)

பதில்: பிடிக்காத சேலையை வாங்குவதால் அந்தப் பெண்ணின் கால் வலி குறையப் போவதில்லை. வேண்டியது என்ன நிறம், என்ன விலை என்று முதலிலேயே சொல்லிவிட்டால் ஐந்தாறு சேலையோடு முடியும். பிடிக்கவில்லையா, இரண்டு சேலையை மடித்துக் கொடுத்து, ‘ரொம்ப நன்றிம்மா’ என்று சொல்லிவிட்டு எழுந்திருங்கள். தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்யும் எல்லோருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். இந்த ஆடியில் பில் போடும்போது, அந்தத் தளத்தில் அவர்களுக்கு ஒரு ஸ்டூலாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மேலாளரிடம் கேளுங்கள். வாடிக்கையாளர் கேட்டால் நாற்காலி சீக்கிரம் வரும்.